தன்னனுபவக் கட்டுரை கற்றுவரும் கலையா?

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரும் எழுத்துகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பல ஆண்டுகளாக நாமும் ஒருவராக அமர்ந்து வருகின்றோம். கவிதைகள் வரும், சிறுகதைகள் வரும், வள்ளுவத்தில் இன்னது, கம்பனில் இன்னது என்னும் ஆய்வுரைகள் வரும். இவற்றினும் மிகுதியாக வருபவை, எழுதுவோர் தம் வாழ்வைத் தாமே கூறும் கட்டுரைகளாகும். ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்த கதை, இங்குக் கண்ட முதற் குளிர்காலம், இந்தி தெரியாமல் பட்ட பாடு, விட்டுவந்த ஆறு, அன்னையின் கைச்சமையல் ஆகியனவே அவற்றின் பொருள். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்டதும் உண்மை, அழுததும் உண்மை. ஆயினும் பத்துக் கட்டுரைகளைப் படித்து முடித்தபின் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாது போகின்றது. பத்துப் பேர் தத்தம் வாழ்வை எழுத, பத்தும் ஒரே வாழ்வாக அமைவது எங்ஙனம்?

இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். 'நடந்ததை நடந்தவாறு சொல்வதற்குப் பயிற்சி எதற்கு?' என்று கேட்பாரும் உளர். 'அஃது ஒருவர்க்குப் பிறவியிலேயே அமைவது. கற்று வாராது' என்பாரும் உளர். இவ்விரண்டு கருத்தும் ஒரே இடத்திற்கே நம்மைக் கொண்டு சேர்க்கின்றன. எழுதுபவன் எதையும் கற்க வேண்டியதில்லை என்பதே இரண்டின் முடிபும் ஆகும். கற்க வேண்டியது மிகுதியாக உண்டு என்பதும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் இலக்கணத்திலும் நம் உரைநடையிலும் நம் வீட்டிலுமே இருக்கின்றனர் என்பதும் நாம் ஈண்டு நிறுவ விரும்புவன.

சொல்லும் பொருளும்

'கட்டுரை' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரைமா தெய்வம் கண்ணகிக்கு முன்வினை கூறும் பகுதிக்குக் 'கட்டுரை காதை' என்றே பெயர். பொருள் பொதிந்த பேச்சு, உறுதியாகக் கூறும் உரை என்னும் பொருள்களில் அச்சொல் பழைய நூல்களில் வழங்கியது. உரைநடை இலக்கியத்தில் ஒரு வகைக்கு அதனைப் பெயராக்கியது பிற்காலம்.

மேலைநாட்டில் இவ்வகைக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் மொந்தேன். 1580ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டபோது அவர் அதற்கு இட்ட பெயருக்கு 'முயற்சிகள்' என்பது பொருள். அச்சொல்லின் இலத்தீன் வேர் எடை பார்த்தலைக் குறிக்கும். ஒரு பொருளைத் தட்டில் வைத்து, முள் எப்பக்கம் சாய்கின்றது என்று பார்ப்பவனின் செயலே கட்டுரையாளனின் செயல். இவ்வேர்ச்சொல்லை அறிந்தோ அறியாமலோ பாரதியார் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரைத் தொடருக்குத் 'தராசு' என்று பெயரிட்டார். அதில் தராசே வாய் திறந்து பேசும்; வருவோர் கேட்கும் கேள்விகளை நிறுத்து விடை கூறும். தன்னனுபவக் கட்டுரைக்கு இதனினும் பொருத்தமான பெயரைத் தமிழில் எவரும் இட்டதாக நாம் கருதவில்லை.

நிறுத்துப் பார்த்தல் என்றால், நிறுப்பதற்கு முன் எடை தெரியாது என்பது பொருள். மலருக்கு வரும் கட்டுரைகளின் முதற்குறை இங்கேயே தொடங்குகின்றது. அவற்றை எழுதியோர் விடையை முன்பே அறிந்திருக்கின்றனர். அன்னை தியாகி; ஊர் சொர்க்கம்; நகரம் இரக்கமற்றது; இளமை திரும்பாது. அறிந்த விடைக்கு ஏற்ப நிகழ்ச்சிகளை எடுத்து வைக்கின்றனர். தட்டு ஆடவே இல்லை.

இதற்குப் பொறுப்பு அவர்களுடையது மட்டுமன்று. பள்ளியில் நமக்குக் கற்பித்த கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று உறுப்புகள். 'பசு' என்றாலும் 'நான் கண்ட பொருட்காட்சி' என்றாலும் இதே அமைப்பு. முடிவுரையில் ஒரு நீதி இருந்தாக வேண்டும். ஒரு குறட்பா இருந்தால் இரண்டு மதிப்பெண் கூடும். பொருட்காட்சியே பாராத மாணவனும் அக்கட்டுரையைப் பிழையின்றி எழுதினான். பார்த்த மாணவன் தான் கண்டதை விட்டுவிட்டு, எழுத வேண்டியதை எழுதினான். அம்மாணவன் வளர்ந்து, பணியில் சேர்ந்து, ஓய்வும் பெற்றபின் தன் அன்னையைப் பற்றி எழுத அமரும்போது, அந்த மூன்று உறுப்புகளும் அவன் கையை வந்து பிடித்துக்கொள்கின்றன. கற்றலின் முதற்படி, கற்றதை விடுதலே ஆகும்.

இரு முன்னோர்

மொந்தேன் 1571ஆம் ஆண்டு, தம் முப்பத்தெட்டாம் வயதில், பணியிலிருந்து விலகித் தம் மாளிகையின் கோபுரத்தில் இருந்த நூலகத்தில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். 1580இல் இரு தொகுதிகள் வெளிவந்தன. 1588இல் மூன்றாம் தொகுதியுடன் புதிய பதிப்பு வந்தது. அதனோடு அவர் ஓயவில்லை. அப்பதிப்பின் படி ஒன்றை வைத்துக்கொண்டு, 1592இல் இறக்கும் வரை அதன் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். முன்பு தாம் கூறியதை இன்று ஏற்கவில்லை எனினும் அதனைப் பெரும்பாலும் அடித்துவிடாமல், பக்கத்தில் இன்றைய கருத்தைச் சேர்த்தார். இருபதாண்டுகள் ஒரே நூலை எழுதிய அம்மனிதரிடம் நாம் கற்பது யாது? தன்னைப் பற்றிய உண்மை ஒரே அமர்வில் வந்துவிடாது. இன்று எழுதியதை நாளைய நாம் மறுக்கக்கூடும். அம்மறுப்பையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை என்பன. 'திருத்தத் திருத்த உணர்ச்சி போய்விடும்' என்று அஞ்சும் நண்பர்களுக்கும் இதுவே விடை. முதலில் வருவது உணர்ச்சியாயினும், அது பெரும்பாலும் பிறரிடம் கேட்ட உணர்ச்சி. நம்முடையது பின்னரே வருகின்றது.

மற்றவர் சார்லஸ் லாம்ப். அவரை நம் சங்கத்தார் தமக்கு நெருங்கியவராகவே கொள்ளலாம். ஏனெனில் அவர் ஓர் அலுவலக எழுத்தர். 1792இல், தம் பதினேழாம் வயதில், இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, 1825 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் பேரேடு எழுதினார். இந்தியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் சென்ற சரக்குகளின் கணக்கு அவர் மேசையைக் கடந்து சென்றிருக்கும். பகலில் கம்பெனியின் கணக்கையும் இரவில் தம் கட்டுரைகளையும் எழுதிய அவர், 1820இல் தொடங்கி 'எலியா' என்னும் புனைபெயரில் கட்டுரைகள் வெளியிட்டார். அது தாம் இளமையில் அறிந்த இத்தாலிய எழுத்தர் ஒருவரின் பெயர். அவற்றின் முதல் தொகுப்பு 1823இல் நூலாயிற்று.

அவர் வாழ்வில் நிகழ்ந்த பெருந்துயர் உலகறிந்தது. 1796இல் அவருடைய தமக்கை மேரி, சித்தம் கலங்கிய நிலையில் பெற்ற தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். தமக்கையை வாழ்நாள் முழுதும் மனநோய் இல்லத்தில் அடைத்து வைக்காமல் காக்கும் பொறுப்பை லாம்ப் தாமே ஏற்றார். மணம் செய்துகொள்ளாமல், 1834இல் தாம் இறக்கும் வரை அவரோடு வாழ்ந்தார். கண்ணீர் வரவழைக்க விரும்பும் எழுத்தாளனுக்கு இதனினும் பெரிய முதலீடு வேறு உண்டா? ஆனால் எலியாவின் கட்டுரைகளில் அக்கொலை இல்லை. தமக்கை 'பிரிட்ஜெட்' என்னும் ஒன்றுவிட்ட சகோதரியாக வருகின்றார், நூல் படிக்கின்றார், எலியாவோடு வாதிடுகின்றார், உறவினர் வீட்டிற்குப் பயணம் செல்கின்றார். 1822இல் வெளிவந்த 'கனவுக் குழந்தைகள்' என்னும் கட்டுரையில், தம் குழந்தைகள் இருவருக்குப் பாட்டியின் கதையை எலியா கூறிக்கொண்டிருக்கின்றார். முடிவில் குழந்தைகள் மங்கி மறைகின்றனர். அவர்கள் பிறவாத குழந்தைகள் என்பதும், எலியா தம் நாற்காலியில் உறங்கி விழித்த தனியர் என்பதும் நமக்குத் தெரிகின்றன. அருகே பிரிட்ஜெட் அமர்ந்திருக்கின்றார். அந்த ஒரு குறிப்பிற்குள் அவர் இழந்ததும் அடங்கிவிட்டது, எதற்காக இழந்தார் என்பதும் அடங்கிவிட்டது.

தம் ஓய்வைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அவர் அலுவலகத்தை வேறொரு தெருவுக்கு மாற்றினார். ஆண்டுக் கணக்கையும் சற்று மாற்றினார். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்வதென்று அறியாது நகரத் தெருக்களில் திகைத்து நிற்கும் முதியவரின் மனநிலையில் ஒரு துளியும் மாற்றவில்லை. தெருப்பெயரில் புனைவும் மனநிலையில் மெய்ம்மையும் கொண்டது அவர் முறை. நம் கட்டுரைகளில் இது தலைகீழாக உள்ளது. வண்டி எண்ணும் தேதியும் தெருப்பெயரும் மிகச் சரியாக இருக்கும். மனநிலை மட்டும் இரவல்.

அகத்திணை காட்டும் வழி

இவற்றையெல்லாம் கற்க நாம் இலண்டனுக்கும் பிரான்சுக்கும் போக வேண்டுமோ என்று கேட்கலாம். வேண்டியதில்லை. அகத்திணை இலக்கணத்தைக் கட்டுரையாளன் கண்கொண்டு ஒருமுறை பார்த்தால் போதும்.

அகப்பாடல்களில் புலவர் தம் வாயால் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனக் கூற்று வகுத்துக்கொண்டே பேசுகின்றார். தன்னனுபவக் கட்டுரையிலும் பேசுபவர் ஒருவர் உண்டு. அவர் எழுதுபவரின் முழு உருவம் ஆகார். இந்தக் கட்டுரையில் பேசுவது எந்த 'நான்'? பசித்த சிறுவனா, அவனை நினைந்து பார்க்கும் முதியவனா, வீட்டை மறந்திருந்த இளைஞனா? இதனைத் தெளியாமல் எழுதுவோரின் கட்டுரையில் மூவரும் ஒருங்கே பேசுவர். ஒருவர் குரலும் கேளாது. லாம்ப் வகுத்துக்கொண்ட எலியா என்பது ஒரு கூற்றே.

அடுத்தது முதல், கரு, உரி என்னும் பகுப்பு. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உணவும் மரமும் பறவையும் பறையும் கரு. உள்ளத்து ஒழுக்கம் உரி. மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பர். ஆயினும் முதலும் கருவும் நிலைபெற்ற இடத்தில் உரிப்பொருளை உரக்கக் கூற வேண்டியிராது. நம் கட்டுரைகள் உரிப்பொருளில் தொடங்கி உரிப்பொருளிலேயே முடிகின்றன. 'ஏக்கம்', 'பாசம்', 'தவிப்பு' என்னும் சொற்கள் பக்கத்திற்குப் பத்து வருகின்றன. எந்த மாதம், எந்த வேளை, கையில் இருந்த பொருள் யாது என்று கேட்டால் விடையில்லை. மல்லிகை மணமும் வடிகாப்பி மணமும் வருகின்றனவே என்பர். அவை எழுதுவோர் தாமே கண்டெடுத்த கருப்பொருள்கள் அல்ல. புலம்பெயர்ந்தோர் அனைவர்க்கும் பொதுவில் வைத்த பண்டங்கள். ஒருவர் தம் தந்தையாரைப் பற்றி எழுதியிருந்த கட்டுரையில், அவர் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார் என்று ஒரு வரி இருந்தது. நான்கு பக்கங்களில் அந்த ஒரு வரியில் மட்டுமே தந்தை உயிரோடு இருந்தார்.

மூன்றாவதாக, அகப்பாடலில் வரும் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்னும் விதி. இதனை வெறும் மரபு என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒருவர் அகவாழ்வைப் பலர் முன் வைக்கும்போது அவர் மானத்திற்கு ஊறு நேரக்கூடாது என்னும் பெரும்பண்பு அதனுள் இருப்பதைப் பின்னரே உணர்ந்தோம். உணர்த்தியவர் யார் என்பதைக் கீழே கூறுவோம்.

தமிழ் உரைநடையில்

நம் உரைநடையிலும் முன்மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனைத் தழுவி மறைமலையடிகள் 'சிந்தனைக் கட்டுரைகள்' எழுதினார். 1933இல் 'மணிக்கொடி'யைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வ.ரா., தாம் கண்ட எளிய மனிதர்களை 'நடைச்சித்திரம்' என்னும் வகையில் தீட்டினார். பிறரை இவ்வாறு கூர்ந்து எழுதிப் பழகுதல், தன்னை எழுதுவதற்கு நல்ல முற்பயிற்சி. தெருவில் போகும் ஒருவனின் நடையைக் காணத் தெரியாதவனுக்குத் தன் நடை தெரியப் போவதில்லை.

எனினும் இக்கலையின் நுட்பத்தைக் கற்க நாம் முதலில் பரிந்துரைப்பது டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தையே. 1940 முதல் 'ஆனந்த விகடனி'ல் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. வாழ்க்கை வரலாறாயினும் அதன் பல அத்தியாயங்கள் தனித்தனியே நிற்கவல்ல தன்னனுபவக் கட்டுரைகளாகும்.

அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கின்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்ற பெருமை அவருக்கு உண்டு. என்னென்ன படித்தீர் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்குகின்றார். முதலியார் வியக்கவில்லை. பழைய நூல்களாகிய சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பற்றிக் கேட்கின்றார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அறிந்தோர் அனைவர்க்கும் தெரிந்த நிகழ்ச்சிதான். தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றிய சந்திப்பு என்று மேடைதோறும் கூறுவர். 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது.

நாம் கவனிக்க வேண்டியது, அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அதனை அவர் எழுதிய முறை. எழுதுபவர் எண்பத்தைந்து வயதினர், மகாமகோபாத்தியாயர், தமிழ்நாடே போற்றும் பெரியார். அன்றே தமக்குள் ஒரு பொறி எழுந்தது என்று எழுதியிருந்தால் மறுப்பார் எவருமிலர். ஆனால் அவர் அந்த இருபத்தைந்து வயது இளைஞரின் மிடுக்கை அவ்வாறே வைக்கின்றார். தாம் அடுக்கிய நூற்பெயர்களை அடுக்கியவாறே கூறுகின்றார். எதிரே இருந்தவர் காட்டிய அலட்சியத்தையும், அதனால் தமக்கு உண்டான ஏமாற்றத்தையும் குறைக்கவில்லை. பிற்காலத்துப் புகழைக் கடன் வாங்கி அந்த நாளுக்கு ஒளியூட்டவில்லை. இளைஞர் கூற்றில் முதியவர் குறுக்கிடாமல் நிற்பதால்தான் நாமும் அவ்வறையில் அமர்ந்து நாணுகின்றோம். தன்னடக்கம் என்று இதனைப் போற்றுவது எளிது. இதில் உள்ள தொழில் நுட்பம் பெரிது.

நாம் எழுதிய ஒரு கட்டுரை

இதுவரை பிறர் குறைகளையே கூறிவந்தோம். நம் குறையையும் கூறுவதே முறை.

1974ஆம் ஆண்டு கிராண்டு டிரங்கு விரைவுவண்டியில் தலைநகருக்கு வந்து, மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தோம். 1983இல் ஓர் ஆண்டு மலருக்கு நம் தாயாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். தாமிரவருணிக் கரையில் உள்ள நம் சிற்றூரில், ஒரு நாள் வீட்டில் அரிசி இல்லாமல், தாயார் சேலைத் தலைப்புக்குள் படியை மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டிற்குச் சென்று அரிசி கடன் வாங்கி வந்ததையும், எங்களுக்கு இட்டுவிட்டுத் தாம் உண்டுவிட்டதாகக் கூறியதையும் அதில் விரித்திருந்தோம். இறுதியில் ஒரு குறட்பாவும் உண்டு. கட்டுரை பலர் பாராட்டைப் பெற்றது. கூட்டத்தில் ஓர் அம்மையார் கண் கலங்கினார். மலரின் படி ஒன்றை ஊருக்கும் அனுப்பி வைத்தோம்.

அக்கோடையில் விடுப்பில் சென்றபோது, தங்கை படித்துக் காட்டத் தாயார் கேட்டார் என்று அறிந்தோம். இரண்டு நாள் அதுபற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. மூன்றாம் நாள் காலை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, நம் முகத்தைப் பாராமல் கேட்டார்: "வாங்கினதை எழுதியிருக்கே. மறுநாளே தலைதட்டாம அளந்து கொடுத்தேனே, அதை எழுதலையே ஐயா?"

அவர் எழுத்துக் கூட்டியும் படிக்க அறியாதவர். நாம் அறிந்த திறனாய்வாளர் எவரும் அக்கட்டுரையின் குறையை இத்துணைச் சரியாகக் காட்டியிருக்க மாட்டார். கடன் வாங்கிய கையை மட்டும் காட்டி, அளந்து கொடுத்த கையை வெட்டிவிட்டோம். இரக்கத்திற்கு முதற்கை போதும். இரண்டாம் கை வந்தால் இரக்கம் குறைந்து மதிப்பு வந்துவிடும். அவருக்கு வேண்டியது அந்த மதிப்பு. நமக்கு வேண்டியிருந்தது அவையோரின் கண்ணீர். மேலும், பக்கத்து வீட்டை இன்னார் வீடு என்று ஊரார் அறியும் வண்ணம் எழுதியிருந்தோம். அவ்வீட்டு ஆச்சியிடம் தாயார் அதன்பின் முன்போல் பேச இயலாமல் போனதைத் தங்கை சொல்லித்தான் அறிந்தோம். அகத்திணையின் பெயர் சுட்டா விதி நமக்குப் பொருள் விளங்கியது அன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அதனைத் தாயார் கேட்கவில்லை. பணியில் சேர்ந்த முதற் குளிர்காலத்தில் இரண்டு மாதம் நாம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. கம்பளிக் கோட்டு வாங்க வேண்டியிருந்தது என்று கடிதம் எழுதினோம். கோட்டு வாங்கியது உண்மை. அதனோடு ஒரு கைக்கடிகாரமும் வாங்கினோம், அதை எழுதவில்லை. அவ்விரண்டு மாதங்களிலும் தாயார் அதே வீட்டில் மீண்டும் அரிசி கடன் பெற்றிருக்கின்றார். கட்டுரை எழுத அமர்ந்தபோது இது நமக்குத் தெரியும். தெரிந்தும் சிறுவயதுப் பசியை எழுதினோம். அங்கே குற்றவாளி எவரும் இல்லை அல்லவா? நாம் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை அந்தக் கடிகாரத்தைப் பற்றியது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய யானைக் கட்டுரையை நாம் படித்தது இதற்குப் பின்னரே. பர்மாவில் காவல்துறை அலுவலராக இருந்தவர் கூறும் நிகழ்ச்சியாக அது அமைந்துள்ளது. மதம் அடங்கி நிற்கும் யானையைக் கொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாக அறிந்தும், சூழ்ந்து நிற்கும் மக்கள் முன் அறிவிலியாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே அவர் அதனைச் சுடுகின்றார். ஆட்சியின் கொடுமையைப் பற்றிய கட்டுரைதான் அது. ஆயினும் தராசின் தட்டில் அவர் முதலில் ஏற்றியது தம்மையே. படித்து முடித்தபோது நமக்கு நினைவு வந்தது கடிகாரந்தான்.

பயிற்சியாவது யாது?

மேற்கூறியவற்றிலிருந்து, பயில விரும்பும் இளைஞர்களுக்குச் சிலவற்றைத் தொகுத்துரைப்போம். எழுதியதை உடனே மலருக்கு அனுப்பாமல் ஆறு மாதம் பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு எடுத்து, அன்று எழுதத் துணியாதது எது என்று தேட வேண்டும். அதே நிகழ்ச்சியை அதில் இடம்பெற்ற மற்றொருவர் கூற்றாக ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். அதனை வெளியிட வேண்டியதில்லை. நம் தாயார் கூற்றாக அன்று நாம் ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருந்தால், அளந்து கொடுத்த படி தானே வந்து நின்றிருக்கும். இறுதிப் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பதும் நன்று; பெரும்பாலும் கட்டுரை அதற்கு முன்பே முடிந்திருக்கும். உணர்ச்சியின் பெயர் வரும் இடங்களைக் கோடிட்டு, அவ்வுணர்ச்சி எழுந்த வேளையில் கண்முன் இருந்த பொருளை அங்கே வைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, எவரைப் பற்றி எழுதினோமோ அவர் உயிரோடு இருப்பின், அச்சேறும் முன் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்க இயலாத வரி எது என்பது நமக்கே தெரிந்துவிடும்.

இவை யாவும் கற்கக்கூடியவை. இவற்றைக் கற்றோரெல்லாம் லாம்ப் ஆகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. கற்றோர் கட்டுரை கல்லாதார் கட்டுரையினின்று வேறுபடும். பத்துக் கட்டுரைகளில் எது எவருடையது என்றாவது அறியலாகும்.

நானும் நாமும்

தன்னனுபவத்தைப் பற்றி எழுதும் இக்கட்டுரையாளர் 'நான்' என்று எழுதாமல் 'நாம்' என்றே எழுதிச் செல்வது ஏன் என்று வாசகர் கேட்கலாம். மலர்க் கட்டுரைகளில் அவ்வாறு எழுதுவது வழக்கம் என்று கூறித் தப்பிவிடலாம். ஆனால் கடிகாரத்தைப் பற்றி எழுதும்போது அந்த 'நாம்' நமக்கு வசதியான ஒளிவிடமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை வாங்கியவர் பலர் அல்லர், ஒருவரே.

எனினும் தமிழில் 'நாம்' என்பதற்கு இன்னொரு தகுதி உண்டு. முன்னிலையாரை உளப்படுத்தாத தன்மைப் பன்மைக்கு 'யாம்' என்றும் 'நாங்கள்' என்றும், உளப்படுத்துவதற்கு 'நாம்' என்றும் நம் மொழி இரண்டு வைத்திருக்கின்றது. ஆங்கிலத்திற்கு இவ்வேறுபாடு இல்லை. கேட்பவரையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் சொல் 'நாம்'. ஒருவன் தன் ஒரு நாளை, தன் ஒரு பொருளை, தன் ஒரு பிழையை அதற்குரிய எடையில் சொல்லி முடிக்கும்போது, படிப்பவர் தம் வீட்டுப் படியையும் தம் கைக்கடிகாரத்தையும் நினைவுகூர்கின்றார். அவ்விடத்தில் 'நான்' என்று எழுதியிருந்தாலும் அது 'நாம்' ஆகிவிடுகின்றது. முதலிலேயே 'நாம்' என்று தொடங்கிப் பொதுவாக எழுதுவோர்க்கு அது கைகூடுவதில்லை. நம் மலர்களின் குறை அதுவே.

ஆகவே அடுத்த மலருக்கு எழுதும் இளைஞர்கள் 'நான்' என்றே எழுதுக. தாமிரவருணியையும் காவிரியையும் சிறிது காலம் ஓடவிட்டு, அவரவர் கடிகாரத்தை எடுத்து வைக்குக. எம் தாயார் இன்று இல்லை. அவர் வாங்கிய அரிசியை மறுநாளே தலைதட்டாமல் அளந்து கொடுத்தார் என்பதை, மலர் ஒன்றில் எழுதப்பட வேண்டிய இடத்தில், இப்போதாவது எழுதி வைக்கின்றேன்.